குஸ்தார்: ‘பிடிக்கும்’ அல்ல, ‘இனிக்கும்’

ஃபேஸ்புக்கின் மொழியை ஸ்பானிஷுக்கு மாற்றிப் பார்த்தால் லைக் பொத்தானில் ‘மே குஸ்தா’, அதாவது ‘எனக்குப் பிடிக்கும்’, என்று இருக்கும். இதன் மூல வடிவம் குஸ்தார். ஸ்பானிஷ் கற்கத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் வினை இதுதான். ஆறு மாதம் கழித்தும் பலர் தவறாகச் சொல்லும் வினையும் இதுதான். பெரும்பாலான பாடநூல்களும் செயலிகளும் ஆங்கிலம் வழியாகக் கற்பிப்பதே அதற்கு முக்கியக் காரணம். ஆங்கிலத்தில் விரும்புகிறவர் எழுவாய், விரும்பப்படும் பொருள் செயப்படுபொருள். ஸ்பானிஷில் இது அப்படியே மாறிவிடுகிறது. அதனால் ஆங்கில வழி நூல்கள் குஸ்தாரைத் தலைகீழ் வினை என்று அறிமுகப்படுத்தி, மாணவரையும் தலைகீழாக நிற்கச் சொல்கின்றன.

தமிழ் தெரிந்தவர் அப்படி நிற்க வேண்டியதில்லை. ‘நான் பிடிக்கிறேன்’ என்றா சொல்கிறோம்? ‘எனக்குப் பிடிக்கும்’ என்கிறோம். பாதி வேலையை நம் மொழி ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. மீதிப் பாதியில்தான் சிக்கல். அங்கே தமிழின் ‘பிடிக்கும்’ நம்மைச் சற்றுத் தவறான வழியில் இழுக்கும்.

முதலில் ஒலி. எழுதும்போது ஜி, யூ, எஸ், டி, ஏ, ஆர் என்று ஆறு எழுத்துகள். முதல் ஒலி ‘குரு’வில் வரும் கு, ‘குடை’யில் வரும் கு அல்ல. டி என்ற எழுத்துக்கு ஸ்பானிஷில் நம்முடைய ‘த’ ஒலிதான். நாக்கின் நுனி மேல்பல்லைத் தொட வேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் ‘குஸ்டார்’ என்று சொன்னால் அந்நிய வாடை உடனே தெரிந்துவிடும். குஸ்தார் என்ற மூல வடிவத்தில் அழுத்தம் கடைசி அசையில் விழும். குஸ்தா என்னும்போது முதல் அசையில். இங்கே எல்லா ஸ்பானிஷ் சொற்களையும் தமிழ் எழுத்தில் தருகிறோம். க, த, ப ஆகியவற்றின் வல்லொலியையும் மெல்லொலியையும் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாது என்பதால், ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறையாவது ஒலிப்பதிவில் கேட்டுவிடுவது நல்லது.

இனி அமைப்பு. ‘மே குஸ்தா லா மூஸிகா’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மே என்றால் எனக்கு. லா மூஸிகா என்றால் இசை. நடுவில் இருக்கும் குஸ்தாவுக்கு எல்லோரும் ‘பிடிக்கும்’ என்று பொருள் எழுதிக்கொள்கிறார்கள். அதை அடித்துவிட்டு ‘இனிக்கிறது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இனிக்கிறது இசை. இது வெறும் நினைவுத் தந்திரம் இல்லை. குஸ்தார் பிறந்த லத்தீன் வினையான குஸ்தாரே என்பதற்குச் சுவைத்தல் என்றே பொருள். குஸ்தோ என்ற ஸ்பானிஷ் பெயர்ச்சொல் இன்றும் சுவையையும் ரசனையையும் மகிழ்ச்சியையும் குறிக்கிறது.

‘இனிக்கும்’ ஏன் ‘பிடிக்கும்’ என்பதைவிட மேல்? ‘எனக்கு மரியாவைப் பிடிக்கும்’ என்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். மரியா இங்கே ‘ஐ’ உருபு ஏற்று இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறாள். எழுவாய் என்று சொல்ல வாக்கியத்தில் எதுவும் இல்லை. வினையும் யாரையும் பின்தொடர்வதில்லை. எனக்கு, உனக்கு, ஒரு பூ, ஆயிரம் பூ, நீ, அவர்கள் என்று எதை மாற்றினாலும் ‘பிடிக்கும்’ அசையாமல் நிற்கும். ‘இனி’ என்ற வினை அப்படியல்ல. கனி இனிக்கிறது. கனிகள் இனிக்கின்றன. நீ இனிக்கிறாய். இனிக்கும் பொருளே எழுவாய். அதற்கேற்ப வினை மாறுகிறது. அனுபவிப்பவர் ‘கு’ உருபோடு ஓரமாக நிற்கிறார். குஸ்தாரின் இலக்கணம் முழுக்க இவ்வளவுதான். கீழே வரும் பிழைகளில் பலவும் இந்த ஒரு இடத்தை மறப்பதால் வருபவை.

அனுபவிப்பவரைக் குறிக்கும் சிறுசொற்கள் ஆறு:

மே குஸ்தா: எனக்கு
தே குஸ்தா: உனக்கு
லே குஸ்தா: அவனுக்கு, அவளுக்கு, அவருக்கு, மரியாதையாக ஒருவரிடம் பேசும்போது உங்களுக்கு
நோஸ் குஸ்தா: நமக்கு, எங்களுக்கு
ஓஸ் குஸ்தா: உங்களுக்கு (பலர், நெருக்கமானவர்கள், ஸ்பெயினில்)
லேஸ் குஸ்தா: அவர்களுக்கு, உங்களுக்கு (பலர்)

நமக்கு, எங்களுக்கு என்ற அருமையான வேறுபாடு ஸ்பானிஷில் கிடையாது, இரண்டுக்கும் நோஸ்தான். லத்தீன் அமெரிக்க நாடுகளில் ஓஸ் புழக்கத்தில் இல்லை. பலரிடம் பேசினால் லேஸ். அர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கு வோஸ் என்ற வேறு சொல் உண்டு, பல வினைகளுக்கு அங்கே தனி விகுதியும் உண்டு. ஆனால் ‘உனக்குப் பிடிக்கும்’ என்னும்போது குஸ்தாருக்கு அந்தக் கவலை இல்லை. வோஸ் என்று அழைப்பவரும் ‘தே குஸ்தா’ என்றே கேட்பார். வினை பின்தொடர்வது பொருளை அல்லவா, ஆளை அல்லவே.

ஒருமை பன்மையில்தான் தமிழர் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்கு வினை மாறுவது கிட்டத்தட்ட இல்லை. ‘பூவெல்லாம் வாடிப்போச்சு’ என்போம். ‘வாடின’ என்பது எழுத்தில் மட்டும். அந்தப் பழக்கம் ஸ்பானிஷிலும் தொற்றிக்கொள்ளும். பொருள் ஒன்று என்றால் குஸ்தா, பல என்றால் குஸ்தான். ‘மே குஸ்தா எல் லீப்ரோ’ என்றால் அந்த ஒரு புத்தகம் எனக்குப் பிடிக்கும். ‘மே குஸ்தான் லோஸ் லீப்ரோஸ்’ என்றால் புத்தகங்கள் எனக்குப் பிடிக்கும். ‘இனிக்கிறது, இனிக்கின்றன’ என்று எழுத்துத் தமிழில் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் எது வரவேண்டும் என்று தெரிந்துவிடும். ‘இனிக்கும்’ என்று சொல்லிப் பார்க்காதீர்கள். அந்த வடிவம் ஒருமை பன்மை இரண்டுக்கும் பொதுவானது, உதவாது.

ஆட்களின் எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நூறு பேருக்கு ஒரு காபி பிடித்தாலும் ‘நோஸ் குஸ்தா எல் காஃபே’தான். ஒருவருக்கு நூறு பூ பிடித்தால் ‘மே குஸ்தான் லாஸ் ஃப்ளோரேஸ்’. ‘நோஸ் குஸ்தாமோஸ் எல் காஃபே’ என்பது மிகப் பரவலான பிழை. நோஸ் என்று தொடங்கியதும் ‘நாம்’ என்பதற்குரிய ஆமோஸ் விகுதி நாக்கில் தானாக வந்துவிடுகிறது.

பன்மை என்று தமிழில் நினைப்பது ஸ்பானிஷில் ஒருமையாகவும், ஒருமை என்று நினைப்பது பன்மையாகவும் இருப்பதுண்டு. துணிமணிகள் என்பதற்கு லா ரோப்பா, ஒருமை. ஆகவே மே குஸ்தா. கணிதம் நமக்கு ஒன்றுதான்; அங்கே லாஸ் மாத்தேமாத்திகாஸ்; பன்மை. ஆகவே மே குஸ்தான். மக்கள் என்பதற்கு லா ஹென்தே என்ற ஒருமைச் சொல். ‘மக்களுக்குப் பிடிக்கும்’ என்னும்போது அதனால் லே வரும், லேஸ் அல்ல. புதிய பெயர்ச்சொல்லைக் கற்கும்போதே, ஆங்கிலத்தின் ‘தி’ போல முன்னால் நிற்கும் எல், லா, லோஸ், லாஸ் என்பவற்றில் எது அதற்கு முன் வருகிறது என்பதையும் சேர்த்து மனனம் செய்தால் பிறகு யோசிக்க வேண்டியிருக்காது.

பொருளுக்குப் பதில் ஒரு செயல் பிடிக்கும் என்றால் இன்னும் எளிது. வினையின் மூல வடிவத்தை அப்படியே வைத்தால் போதும்: மே குஸ்தா லேயேர், வாசிக்கப் பிடிக்கும். செயல் எப்போதும் ஒருமை. இரண்டு மூன்று செயல்களை அடுக்கினாலும் ஒருமைதான்: மே குஸ்தா கான்தார் இ பைலார், பாடவும் ஆடவும் பிடிக்கும். ‘மே குஸ்தா லேயேர் லீப்ரோஸ்’ என்பதில் லீப்ரோஸ் பன்மையாயிற்றே என்று சிலர் குஸ்தான் போட்டுவிடுவார்கள். இனிப்பது புத்தகங்கள் அல்ல, வாசிப்பு. புத்தகங்கள் அந்த வாசிப்புக்குச் செயப்படுபொருள், அவ்வளவே. ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்கள் இதே இடத்தில் லேயேன்தோ என்ற தொடர்வினை வடிவத்தைப் போடுவதும் உண்டு; அதுவும் பிழை.

அடுத்து அந்த எல், லா. தமிழில் இவற்றுக்கு நிகரான சொல்லே இல்லை என்பதால் நாம் எளிதாக விட்டுவிடுகிறோம். ‘மே குஸ்தா காஃபே’ என்றால் புரியும், ஆனால் ஊனமான வாக்கியம். ஒரு வகையைப் பொதுவாகச் சொல்லும்போது ஸ்பானிஷ் கட்டாயமாக எல், லா, லோஸ், லாஸ் கேட்கும்: மே குஸ்தா எல் காஃபே. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் எதுவும் வராது. ஆகவே ஆங்கிலத்தைத் துணைக்கு அழைத்தாலும் அதே பிழைதான் நேரும். இந்த, அந்த, என், உன் போன்ற சொற்கள் ஏற்கெனவே இருந்தால் எல், லா தேவையில்லை: மே குஸ்தா எஸ்தா கான்ஸியோன், இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். ஆள் பெயர், பெரும்பாலான ஊர்ப் பெயர், செயல் ஆகியவற்றுக்கும் தேவையில்லை.

இதுவரை எனக்கு, உனக்கு. மரியாவுக்கு என்று பெயர் சொல்ல வேண்டுமானால்? தமிழில் ‘கு’ உருபு பின்னால் ஒட்டும். ஸ்பானிஷில் ‘ஆ’ என்ற சொல் முன்னால் வரும். மரியாவுக்கு என்பது ஆ மரியா. இதோடு முடிந்தது என்று நினைத்து ‘ஆ மரியா குஸ்தா லா பிளாயா’ என்று சொல்லிவிட்டால் அது தமிழ் மூளை செய்யும் பிழை. பெயர் சொன்ன பிறகும் லே கட்டாயம்: ஆ மரியா லே குஸ்தா லா பிளாயா. ‘மரியாவுக்கு, அவளுக்குக் கடற்கரை இனிக்கிறது’ என்று இருமுறை சொல்வது போல. நமக்கு மிகையாகப் படும். அவர்களுக்கு லே இல்லாத வாக்கியம் பல் விழுந்த வாயாகத் தெரியும். மாறாக, லே நினைவிருந்து ஆவை மறப்பவர்களும் உண்டு. ‘மரியா லே குஸ்தா’ என்று தொடங்கினால் மரியா எழுவாய் ஆகிவிடுகிறாள். மரியாவை வேறு யாருக்கோ பிடிக்கும் என்று பொருள் மாறிவிடும்.

பலர் என்றால் லேஸ்: ஆ லோஸ் நீன்யோஸ் லேஸ் குஸ்தா லா பிளாயா, குழந்தைகளுக்குக் கடற்கரை பிடிக்கும். இந்த இடத்தில் தாய்மொழியினரே பேச்சில் லே என்று சொல்லிவிடுவதைக் கேட்கலாம். எழுத்தில் அதைப் பின்பற்ற வேண்டாம். ஆவும் எல்லும் அடுத்தடுத்து வந்தால் சேர்ந்து ஆல் ஆகிவிடும்: ஆல் நீன்யோ லே குஸ்தா, அந்தச் சிறுவனுக்குப் பிடிக்கும். என்னையும் ஒருவரையும் சேர்த்துச் சொன்னால் இருவருக்கும் தனித்தனி ஆ, பிறகு நோஸ்: ஆ மரியா இ ஆ மீ நோஸ் குஸ்தா லா பிளாயா.

மீ என்பது அழுத்திச் சொல்லும் ‘எனக்கு’. ஆ மீ மே குஸ்தா என்றால் ‘எனக்கென்றால் பிடிக்கும், மற்றவரைப் பற்றித் தெரியாது’ என்ற தொனி. உனக்கு என்பதற்கு ஆ தீ தே குஸ்தா. எழுதும்போது மீயின் ஐ எழுத்து மேல் சாய்கோடு உண்டு, தீயில் இல்லை. சாய்கோடு இல்லாத மீ ‘என்னுடைய’ என்ற வேறு சொல் என்பதால் அந்த வேறுபாடு. அழுத்தம் தேவையில்லாதபோது ஆ மீ, ஆ தீ வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆ மீ என்று தொடங்கினால் நெஞ்சைத் தட்டித் தட்டிப் பேசுவது போல் இருக்கும்.

எதிர்மறைக்கு நோ, அது மே, தே, லேவுக்கு முன்னால் வரும்: நோ மே குஸ்தா, எனக்குப் பிடிக்காது. ஆ மரியா நோ லே குஸ்தா. கேள்விக்கு வரிசையை மாற்ற வேண்டியதில்லை, குரலை உயர்த்தினால் போதும்: தே குஸ்தா லா மூஸிகா? இதற்குப் பதில் ‘ஸீ, மே குஸ்தா’. ‘அது எனக்குப் பிடிக்கும்’ என்று ‘அது’வுக்கு ஒரு சொல் தேடி ‘மே லோ குஸ்தா’ என்று சொல்பவர்கள் நிறைய. லோ என்பது ‘அதை’, செயப்படுபொருளுக்கு உரியது. இங்கே செயப்படுபொருளே இல்லை. ‘பிடிக்குமா?’ என்றால் ‘பிடிக்கும்’ என்று மட்டும் சொல்லும் தமிழ்ப் பழக்கம் இங்கே அப்படியே சரி.

ஒத்துப்போகும் பதில்களில் தமிழருக்கு முழு லாபம். ஒருவர் மே குஸ்தா என்றதும் ஆங்கிலம் வழி கற்றவர் ‘யோ தாம்பியென்’ என்பார், அதாவது ‘நானும்’. ‘எனக்கு மழை பிடிக்கும்’ என்று ஒருவர் சொன்னால் நாம் ‘நானும்’ என்றா சொல்வோம்? ‘எனக்கும்’ என்போம். ஸ்பானிஷும் அப்படித்தான்: ஆ மீ தாம்பியென். (தாம்பியென் என்பதில் ‘தம்பி’யின் ஒலி இருக்கிறது, மறக்காது.) அவர் நோ மே குஸ்தா என்றால், ‘எனக்கும் பிடிக்காது’ என்பதற்கு ஆ மீ தாம்ப்போக்கோ. இங்கே தமிழ் கைவிடும்: ‘எனக்கும்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சமாளிக்கிறோம், அவர்கள் எதிர்மறைக்குத் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். மாறுபடுவதானால், அவருக்குப் பிடித்தது எனக்குப் பிடிக்காது என்பதற்கு ஆ மீ நோ. அவருக்குப் பிடிக்காதது எனக்குப் பிடிக்கும் என்பதற்கு ஆ மீ ஸீ.

யார் என்ற கேள்வியில் பொறி ஒன்று உண்டு. ‘யாருக்குப் பிடிக்கும்?’ என்பது ‘ஆ கியென் லே குஸ்தா?’. ‘யாரைப் பிடிக்கும்?’ என்பதற்கு நம் ‘ஐ’ உருபை நம்பி ஆ போட்டுவிடக் கூடாது. மற்ற ஸ்பானிஷ் வினைகளில் ‘யாரை’ என்பதற்கும் ஆ கியென் வரும், அதனால் குழப்பம் இரட்டிப்பாகும். குஸ்தாரில் பிடிக்கப்படுபவர் எழுவாய். எழுவாய்க்கு உருபு கிடையாது: கியென் தே குஸ்தா? யார் உனக்கு இனிக்கிறார்?

அந்தக் கேள்வியைக் கேட்கும்முன் இடம் பார்க்க வேண்டும். ஆள் மீது குஸ்தார் பயன்படுத்தினால் பெரும்பாலும் காதல் ஈர்ப்பு என்றே பொருள்படும். ‘மே குஸ்தாஸ்’ என்றால் ‘உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது’, திரைப்படத்தில் நாயகன் தயங்கித் தயங்கிச் சொல்லும் அர்த்தத்தில். நீ எனக்கு இனிக்கிறாய் என்று தமிழில் சொன்னால் எப்படிக் கேட்குமோ, அப்படி. ‘தே குஸ்தோ?’ என்றால் ‘என்னை உனக்குப் பிடித்திருக்கிறதா?’. குஸ்தோ, குஸ்தாஸ், குஸ்தாமோஸ் ஆகிய வடிவங்கள் பெரும்பாலும் இத்தகைய பேச்சில்தான் உயிர் பெறுகின்றன. பாடகரையோ எழுத்தாளரையோ அவர் கலைக்காகப் பிடிக்கும் என்பதற்கு மே குஸ்தா தடையில்லை. உடன் பணிபுரிபவரை, நண்பரின் அண்ணனை, ஆசிரியரைப் பிடிக்கும் என்று சொல்ல வேறு தொடர் இருக்கிறது: மே காயே பியென். சொல்லுக்குச் சொல் ‘எனக்கு நன்றாக விழுகிறார்’. விசித்திரமாகத் தோன்றினாலும் இதுதான் பாதுகாப்பானது. பிடிக்காதவரை மே காயே மால் என்பார்கள்.

எவ்வளவு பிடிக்கும் என்பதை வினைக்கு அடுத்து வைக்க வேண்டும். மே குஸ்தா மூச்சோ, ரொம்பப் பிடிக்கும். பாஸ்தான்தே என்றால் ஓரளவு நன்றாகவே. நோ மே குஸ்தா நாதா என்றால் கொஞ்சமும் பிடிக்காது. நோவும் நாதாவும் ஒன்றையொன்று ரத்து செய்யாது, அழுத்தம்தான் கூடும். மிகவும் என்று பொருள்படும் முயி என்ற சொல்லை மூச்சோவுக்கு முன் சேர்த்து ‘முயி மூச்சோ’ என்று சொல்வதில்லை; மூச்சீஸிமோ என்பார்கள். அதற்கும் மேலே என்கான்தார் என்ற தனி வினை: மே என்கான்தா, அப்படியே மயங்கிப்போகிறேன் என்ற அளவுக்கு. அதிலேயே ‘ரொம்ப’ அடங்கிவிட்டதால் மூச்சோ சேர்ப்பதில்லை.

காலத்துக்கு வருவோம். தொடக்க நிலையில் மூன்று வடிவங்கள் போதும்.

பார்த்து முடித்த படம், கேட்டு முடித்த பாட்டு என்றால் குஸ்தோ, பன்மைக்கு குஸ்தாரோன். லா பெலீகுலா மே குஸ்தோ, படம் எனக்குப் பிடித்திருந்தது. தமிழ் எழுத்தில் இது மேலே சொன்ன ‘நான் இனிக்கிறேன்’ குஸ்தோ போலவே தெரியும். வேறுபாடு அழுத்தத்தில்: இறந்தகாலத்தில் கடைசி ஓ மீது அழுத்தம், எழுத்திலும் அதன்மேல் சாய்கோடு. அழுத்தத்தை முன்னால் வைத்துவிட்டால் படத்தைப் பற்றிய பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும்.

நீண்டநாள் பிடித்துக்கொண்டிருந்தது என்றால் குஸ்தாபா, பன்மைக்கு குஸ்தாபான். ‘சின்ன வயதில் எனக்கு மழை ரொம்பப் பிடிக்கும்’ என்று தமிழில் இறந்தகாலத்தையும் ‘பிடிக்கும்’ என்றே சொல்லிவிடுவோம். ஸ்பானிஷ் அதை ஏற்காது: தே நீன்யோ மே குஸ்தாபா மூச்சோ லா யூவியா. சொல்பவர் பெண் என்றால் தே நீன்யா. ‘சின்ன வயதில்’ என்று தொடங்கினாலே குஸ்தாபா என்று பழகிக்கொள்ளலாம்.

மூன்றாவது குஸ்தாரீயா. பணிவான விருப்பம்: மே குஸ்தாரீயா அப்ரென்தேர் எஸ்பன்யோல், ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். இங்கே தமிழின் எனக்கு விடைபெற்று நான் வந்துவிடுகிறது, ஸ்பானிஷில் மே அப்படியே இருக்கிறது. கடையிலோ அலுவலகத்திலோ ஒன்றைக் கேட்கும்போது, ‘வேண்டும்’ என்று நேராகச் சொல்லும் கியேரோவைவிட இது மென்மையானது. ‘நீ பாடுவது எனக்குப் பிடிக்கும்’ போல இன்னொருவரின் செயல் பிடிக்கும் என்பதற்கு கே என்ற இணைப்புச் சொல்லும் அதன்பின் வேறொரு வினை வகையும் வேண்டும்: மே குஸ்தா கே கான்தேஸ். அந்த வகையைப் படிக்கும்வரை இந்த வாக்கியத்தைத் தவிர்த்துவிடலாம்.

குஸ்தாருக்கு ஒரு பெரிய குடும்பம் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் அவையெல்லாம் இலவசம். அவற்றுள் தமிழோடு அச்சு அசலாகப் பொருந்துவது தோலேர், வலித்தல். மே துவேலே லா காபேஸா, எனக்குத் தலை வலிக்கிறது. மே துவேலென் லோஸ் பியேஸ், எனக்குப் பாதங்கள் வலிக்கின்றன. தலை எழுவாய், வினை அதற்கேற்ப, எனக்கு ஓரமாக. ‘என் தலை’ என்றுகூடச் சொல்வதில்லை, நம்மைப் போலவே. குஸ்தார் குழம்பும்போதெல்லாம் தலைவலியை நினைத்துக்கொண்டால் தெளிந்துவிடும். மே பாரேஸே என்றால் எனக்குத் தோன்றுகிறது. மே ஃபால்தான் தோஸ் பாஹினாஸ், எனக்கு இன்னும் இரண்டு பக்கங்கள் பாக்கி. மே கேதான் தோஸ் தீயாஸ், எனக்கு இரண்டு நாட்கள் மிச்சம் இருக்கின்றன. மே இன்தேரேஸா, எனக்கு அதில் ஆர்வம். மே மோலேஸ்தா எல் ருயீதோ, இந்த இரைச்சல் எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. மோலேஸ்தார் என்ற சொல் ஆங்கிலத்தில் ஒரு மோசமான சொல்லை நினைவூட்டும். ஸ்பானிஷில் அது வெறும் தொந்தரவுதான்.

அதற்காக எனக்கு என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களையெல்லாம் மேயில் தொடங்கிவிட முடியாது. தமிழ் இந்த அமைப்பை ஸ்பானிஷைவிடத் தாராளமாகப் பயன்படுத்தும் மொழி. எனக்குத் தெரியும் என்பது லோ ஸே. அங்கே நான்தான் எழுவாய். தெரிதலுக்குரிய அந்த ஸாபேர் வினையோடு மே சேர்த்தால் பொருள் சுவைக்குத் தாவிவிடும்: மே ஸாபே ஆ லிமோன் என்றால் எனக்கு இது எலுமிச்சைபோல் சுவைக்கிறது. எனக்கு வேண்டும் என்பது கியேரோ. அதை மே கியேரே என்று சொல்லிவிட்டால் ‘அவர் என்னை நேசிக்கிறார்’ என்றாகிவிடும். கேட்பவர் வாழ்த்துச் சொல்லக்கூடும். எனக்குப் புரிகிறது என்பது என்தியென்தோ. பசி, வயது, உடன்பிறந்தோர் எல்லாவற்றுக்கும் ‘என்னிடம் இருக்கிறது’ என்னும் தெங்கோ: பசிக்கு தெங்கோ ஆம்ப்ரே, இருபது வயதுக்கு தெங்கோ வெய்ன்தே ஆன்யோஸ்.

இந்த வேரிலிருந்து அன்றாடம் காதில் விழும் வேறு சில தொடர்களும் உண்டு. அறிமுகமானதும் கைகுலுக்கி மூச்சோ குஸ்தோ என்பார்கள், சந்தித்ததில் மகிழ்ச்சி. உதவி கேட்டால் கோன் குஸ்தோ, மகிழ்ச்சியாகச் செய்கிறேன். மெக்சிகோ போன்ற இடங்களில் உணவை நீட்டி ‘குஸ்தா?’ என்று கேட்டால் ‘உங்களுக்கு வேண்டுமா, எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று பொருள். அங்கே விரும்பும் ஆளே எழுவாய், லே வராது. தீஸ்குஸ்தோ என்பது அருவருப்பு என்று ஆங்கிலம் தெரிந்தவர் நினைப்பார். உண்மையில் மனவருத்தம், மனக்கசப்பு.

பயிற்சிக்கு ஒரு முறை. வாக்கியம் அமைக்கும்முன் முதலில் எது இனிக்கிறது என்று கேளுங்கள். அது ஒன்றா பலவா என்று பார்த்து வினையை முடிவு செய்யுங்கள். யாருக்கு என்பதைக் கடைசியில் சேருங்கள். பேசும்போது மே முதலில் வருவதால் யாருக்கு என்பதிலிருந்தே தொடங்கத் தோன்றும். அப்படித் தொடங்குபவர்களுக்கே குஸ்தாமோஸ் பிழை அதிகம் வருகிறது. கீழே உள்ள ஏழையும் விடையைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு நாய்கள் பிடிக்கும். எங்களுக்குப் பாட்டுக் கேட்கப் பிடிக்கும். படம் உனக்குப் பிடித்ததா? எனக்கும் பிடிக்காது. யாருக்குக் கடற்கரை பிடிக்கும்? குழந்தைகளுக்கு மழை ரொம்பப் பிடிக்கும். கார்லோஸுக்குக் கணிதம் பிடிக்காது.

விடைகள், அதே வரிசையில்: மே குஸ்தான் லோஸ் பெர்ரோஸ். நோஸ் குஸ்தா எஸ்குச்சார் கான்ஸியோனேஸ். தே குஸ்தோ லா பெலீகுலா? ஆ மீ தாம்ப்போக்கோ. ஆ கியென் லே குஸ்தா லா பிளாயா? ஆ லோஸ் நீன்யோஸ் லேஸ் குஸ்தா மூச்சோ லா யூவியா. ஆ கார்லோஸ் நோ லே குஸ்தான் லாஸ் மாத்தேமாத்திகாஸ்.

இரண்டாவதில் குஸ்தான் போட்டிருந்தால் செயல் எப்போதும் ஒருமை என்ற பகுதியை மீண்டும் படியுங்கள். கடைசி வாக்கியத்தில் ஆ, நோ, லே, பன்மை வினை, லாஸ் என்று ஐந்து கண்ணிகள் இருக்கின்றன. அது முதல் முயற்சியிலேயே சரியாக வந்துவிட்டால் அடுத்த வினைக்குப் போகலாம்.